ஃபிஜியில் இருக்கும் தம்பியிடம் காசு கரையாமல் போன் பேசுவது எப்படி

என் தம்பி ஃபிஜிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. லௌட்டோகா என்ற ஊரில் லாரி ஒர்க்‌ஷாப்பில் டீசல் மெக்கானிக். அம்மா காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமத்தில் இருக்கிறார், நான் கிருஷ்ணகிரி டவுனில். அவன் போன முதல் வாரம், போய்ச் சேர்ந்துவிட்டானா, சாப்பிட்டானா என்று அம்மா தவித்த தவிப்பைப் பார்த்துவிட்டு என் போனிலிருந்தே கூப்பிட்டேன். அன்லிமிடெட் பேக் இருக்கிறதே, போகும் என்று நினைத்தேன், போகவில்லை. ரீசார்ஜ் கடையில் கேட்டால் "அதுல வெளிநாடு வராதுண்ணா, தனியா டாப்-அப் போடணும்" என்றார். 200 ரூபாய் போட்டேன். "ரூம் எப்படிடா இருக்கு, குளிருதா" என்று அம்மா கேட்க, அவன் பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே லைன் கட். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன்தான் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்.

அதற்கப்புறம் இந்த விஷயத்தை உட்கார்ந்து முழுசாகத் தெரிந்துகொண்டேன். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது துபாய், சிங்கப்பூர் என்று மட்டும் நிற்பதில்லை, பெயரே கேள்விப்படாத தீவுகளுக்கெல்லாம் வேலைக்குப் போகிறார்கள். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஃபிஜியை வைத்து. மாலத்தீவு, செஷல்ஸ், மொரீஷியஸ், பப்புவா நியூ கினி என்று வேறு தீவாக இருந்தாலும் வழி இதுதான், நாட்டு எண்ணும் நேரக் கணக்கும் மட்டும் மாறும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். "எந்த கம்பெனியில் ரேட் கம்மி?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு மாதம் வீணானது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி: இந்தப் பக்கம் பேசுகிறவர் கையில் என்ன போன் இருக்கிறது? யார் யாரைக் கூப்பிடப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதிச் செலவு அங்கேயே குறைந்துவிடும்.

இங்கிருந்து அங்கே கூப்பிட்டாலும் அங்கிருந்து இங்கே கூப்பிட்டாலும் பேச்சு ஒன்றுதான், ஆனால் காசு ஒன்றல்ல. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கால் போனால், அதைக் கடைசியில் வாங்கி அந்த ஊர்க்காரர் போனில் மணியடிக்க வைக்கிற கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்குள் வரும் கால்களுக்கு அந்தக் கட்டணம் மிகக் குறைவு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் அதை நிமிடத்துக்கு 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் என்று வைத்தது. ஃபிஜி மாதிரி சின்னத் தீவு நாட்டில் அப்படி இல்லை. மொத்த ஜனத்தொகையே சுமார் 9 லட்சம், கம்பெனிகள் இரண்டோ மூன்றோதான், அவர்கள் வாங்குகிற கட்டணம் அதிகம். நடுவில் கால் இரண்டு மூன்று கை மாறிப் போகிறது, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்கா ஃபிஜியைவிடத் தூரம், ஆனாலும் அங்கே பேச ரேட் குறைவு. ஆக, தூரத்துக்கும் ரேட்டுக்கும் சம்பந்தமில்லை. சாதாரண போன் காலாக இருந்தால் பெரும்பாலும் அவர்கள் நம்மைக் கூப்பிடுவதுதான் லாபம், நாம் அவர்களைக் கூப்பிடுவது கடைசி வழி.

அப்புறம் நேரம். இது தெரியாமல் ராத்திரி ஒரு மணிக்குத் தம்பியை எழுப்பியிருக்கிறேன். ஃபிஜி நேரம் நம்மைவிட 6 மணி 30 நிமிடம் முன்னால். முன்பு கோடைக்கு ஒரு மணி நேரம் மாற்றி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது, இப்போது இல்லை, அதனால் வருடம் முழுக்க இதே கணக்குதான். நம் ஊரில் சாயங்காலம் 7 மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 1:30, தேதியும் மாறியிருக்கும். நாம் வேலை முடிந்து ஓய்வாக உட்காரும் நேரம் அவர்களுக்கு நடுத்தூக்கம். ஒத்துவருவது இரண்டு வேளைதான். நம் காலை 6 மணி அங்கே பகல் 12:30, சாப்பாட்டு இடைவேளை. நம் காலை 11:30 அங்கே மாலை 6, வேலை முடிந்து ரூமுக்கு வரும் நேரம், அதிலிருந்து நம் மதியம் 2:30 வரை பேசலாம், அப்போது அங்கே ராத்திரி 9. எங்கள் அம்மா காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தோட்டத்தில் வேலையை முடித்துவிட்டு 12 மணிக்கு வந்து திண்ணையில் உட்காருவார். அதுதான் எங்களுக்கு வாய்த்த நேரம். ஞாயிற்றுக்கிழமை பகல் 12 என்று வைத்துக்கொண்டோம். தீபாவளி அங்கேயும் பொதுவிடுமுறை, அதனால் அன்றைக்கு மட்டும் விடியற்காலை 5 மணிக்கு, நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது, அங்கே 11:30-க்கு அவன் கூப்பிட்டுவிடுவான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இரண்டு பக்கமும் டச் போன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாட்ஸ்அப் கால்தான். துபாய், அபுதாபியில் வாட்ஸ்அப் கால் போகாது, வேறு ஆப் போட வேண்டும் என்று அங்கே ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ஃபிஜியில் அந்தத் தடை இல்லை. நமக்கு ஆகும் செலவு டேட்டா மட்டும். வெறும் குரலில் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்பி, ஒரு மணி நேரம் பேசினாலும் 30 எம்பி அளவில் நிற்கும். நாம் போடுகிற பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கொடுக்கிறான், அதில் இது தூசு. வீடியோ கால் பல மடங்கு இழுக்கும். அங்கே டேட்டா காசு நம் ஊர் மாதிரி கொள்ளை மலிவு இல்லை, அதனால் அவன் பக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். ரூமிலோ ஒர்க்‌ஷாப்பிலோ வைஃபை இருந்தால் வீடியோ, இல்லாவிட்டால் குரல் மட்டும். வாட்ஸ்அப் செட்டிங்கில் சேமிப்பு, டேட்டா என்று வரும் இடத்துக்குப் போனால் காலுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்து என்று ஒன்று இருக்கும். அதை இரண்டு பேர் போனிலும் ஆன் செய்துவிடுங்கள். சிக்னல் மோசமான கிராமத்தில் குரல் உடையாமல் வர அது உதவும்.

சிக்னல் என்றதும் நம் ஊர்க் கஷ்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம், பென்னாகரம் தாண்டி உள்ளே என்றால் டவர் எந்த மூலையில் கிடைக்கும் என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் மாட்டுக் கொட்டகை ஓரம், வேப்பமரத்தடியில் நின்றால் இரண்டு கட்டை வரும், கூடத்துக்குள் வந்தால் ஒன்றும் வராது. கால் கட்டானால் ஃபிஜிமேல் பழி போடாதீர்கள். ஃபிஜிக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்தே கடலடிக் கேபிள் இருக்கிறது, ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, இன்னொரு பக்கம் ஹவாய் என்று சதர்ன் கிராஸ் கேபிள் ஃபிஜியின் தலைநகர் சுவா வழியாகப் போகிறது. 2022-இல் அதே கம்பெனியின் புதுக் கேபிளும் வந்துவிட்டது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பத்துத் தடவை கட்டானால் ஒன்பது தடவை கோளாறு அம்மா நிற்கிற இடத்தில்தான். நல்ல சிக்னல் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். வயசானவர்களை நிற்க வைத்துப் பேச வைக்காதீர்கள்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விட உதவியது கால்கூட இல்லை, வாய்ஸ் மெசேஜ். ஆறரை மணி நேரம் தள்ளி இருக்கிறவனை நேரம் பார்த்துப் பிடிப்பது தினமும் நடக்கிற காரியமில்லை. என் பழைய டச் போன் ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தேன். எழுதத் தெரியாது, ஆனால் அந்த மைக் படத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், அப்புறம் விரலை எடுத்துவிட்டு எவ்வளவு நேரமானாலும் பேசலாம் என்று காட்டிக் கொடுத்தேன். முதல் நாள் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, ஊதுகிற மாதிரி கிட்டத்தில் வைத்துக்கொண்டு, "சாமி, ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவலை" என்று ஆரம்பித்து மூன்று நிமிடம் பேசினார். பின்னால் ஆட்டுக்குட்டி கத்துவதும் கேட்டது. தம்பி அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான். அவர் ராத்திரி பேசி அனுப்பினால் அவன் விடிந்ததும் கேட்பான், அவன் அனுப்பினால் அம்மா மறுநாள் கேட்பார். ஒரு பைசா ஐஎஸ்டி (வெளிநாட்டுக் கால்) செலவு இல்லை, யாரும் தூக்கத்திலிருந்து எழவும் வேண்டாம். தினமும் ஒரு வாய்ஸ் மெசேஜ், வாரத்துக்கு ஒரு கால் என்று வைத்துக்கொண்டால் எங்களுக்கு மனசு நிறைந்துபோகிறது.

பட்டன் போன் மட்டும்தான், மாற்ற மாட்டேன் என்கிறார் என்றால்? எங்கள் பெரியம்மா அப்படித்தான். அங்கேதான் நான் முதலில் சொன்னது வேலைக்கு வரும்: அங்கிருக்கிறவர் இங்கே கூப்பிட வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, அங்கேயே வாங்கின உள்ளூர் சிம்மிலிருந்து நேராகக் கூப்பிடுவது. ஃபிஜியில் வோடஃபோன், டிஜிசெல் இரண்டும் பெரிய கம்பெனிகள். இந்திய வம்சாவளி ஆட்கள் நிறைய இருக்கிற நாடு என்பதால், இந்தியாவுக்குத் தனி ரேட்டோ பேக்கோ இருக்கிறதா என்று கடைக்கு நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். அங்கே போனவர்கள் பலர் கேட்பதே இல்லை. இன்னொன்று, இணையம் வழியாக நிஜ போன் நம்பரைக் கூப்பிடும் ஆப். வைபர் அவுட் மாதிரி சில இருக்கின்றன. இதில் கூப்பிடுகிறவருக்கு மட்டும் ஆப்பும் டேட்டாவும் வேண்டும், நம் பெரியம்மாவுக்குச் சாதாரணமாக மணியடிக்கும். முன்பு இதற்கு எல்லோரும் ஸ்கைப் என்பார்கள், அது 2025 மே மாதத்தோடு மூடிவிட்டது, இன்னும் அதைப் போடச் சொல்லி யாராவது சொன்னால் அது பழைய சேதி.

இந்த ஆப்களில் காசு போடும் முன் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நான் இரண்டாவதைப் பார்க்காமல் ஒருமுறை ஏமாந்தேன். முதலாவது, மொபைலுக்கு ஒரு ரேட், லேண்ட்லைனுக்கு ஒரு ரேட் இருக்கும், பெரிய எழுத்தில் போட்டிருப்பது எதுவோ அதுதான் குறைவு, நமக்கு வேண்டியது மற்றது. இரண்டாவது, போட்ட காசு எத்தனை நாளில் காலாவதி ஆகும். நான் போட்ட ஒன்றில் அறுபது நாள் தொடாமல் விட்டதற்கு மொத்தமும் போய்விட்டது. மூன்றாவது, கால் எடுத்தவுடனே தனியாக ஒரு தொகை பிடிப்பார்களா என்று. நான்காவது, நொடிக் கணக்கா நிமிடக் கணக்கா. முதல் தடவை இருப்பதிலேயே சின்னத் தொகை போட்டு, ஒரு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, எவ்வளவு பிடித்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும். விளம்பரத்தைவிட அந்த மீதித் தொகைதான் உண்மை பேசும். நீங்களே இங்கிருந்து ஃபிஜி நம்பருக்குப் பேச இப்படி ஒரு ஆப்பில் காசு போடுவதாக இருந்தால், வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம் ஏடிஎம் கார்டில் பணம் போகாமல் நிற்கலாம். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்பதை ஆன் செய்து, காசு போட்டதும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

ஒரு சிக்கல் இதில் உண்டு. ஆப்பிலிருந்து வரும் கால், பட்டன் போனில் தம்பி பெயரோடு வராது, ஏதோ தெரியாத வெளிநாட்டு நம்பராக வரலாம். நாம்தான் பெரியவர்களிடம் தெரியாத நம்பரை எடுக்காதே, ஏமாற்றுகிறார்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறோம், அவர்களும் கட் செய்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து நாளும் நேரமும்தான். ஞாயிறு 12 மணிக்கு வரும் கால் அவனுடையது, மற்ற நேரத்தில் வந்தால் எடுக்காதே, அவ்வளவுதான் என்று சொல்லி வையுங்கள். எடுத்தவுடன் அவன்தானா என்று தெரிந்துகொள்ள வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையும் வைத்துக்கொள்ளலாம். நாங்கள் எங்கள் பழைய எருமையின் பெயரை வைத்திருக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற கால் உங்கள் போனில் சாதாரண இந்திய மொபைல் நம்பராகத் தெரிந்தால் கவனியுங்கள். சில கடைகளும் ஆப்களும் ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாக ரேட் சொல்வார்கள். சில இடங்களில் அந்தக் கால்கள் நம் நாட்டுக்குள் யாரோ ஒரு அறையில் நூற்றுக்கணக்கான சிம் போட்ட பெட்டி வைத்து நடத்துகிற கள்ள எக்ஸ்சேஞ்ச் வழியாக வருகின்றன. போலீஸ் பிடித்த செய்தி அவ்வப்போது வரும். அது சட்டவிரோதம், யார் பேசினார்கள் என்ற தடமும் இருக்காது, மோசடிக்காரர்களும் அதே பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தம்பி அப்படி ஒரு ஆப் போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் பதியலாம்.

லேண்ட்லைன் இருக்கிற வீடு, கடை, பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து கூப்பிடச் சொல்கிறீர்கள் என்றால் பூஜ்யத்தை விடச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரிக்கு நாம் 04343 என்று போட்டுப் பழகியிருக்கிறோம், தர்மபுரிக்கு 04342, ஓசூருக்கு 04344. வெளிநாட்டிலிருந்து பிளஸ் 91, உடனே 4343, அப்புறம் நம்பர். நடுவில் அந்தப் பூஜ்யம் இருந்தால் போகாது. "நம்பர் தப்புன்னு சொல்லுதுடா" என்று ஒரு மாதம் அலுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது மிஸ்டு கால். நம் ஊரில் இதைவிடப் பழகின வழி இல்லை. அம்மாவுக்கு ஏதாவது அவசரமாகப் பேச வேண்டும் என்றால் இங்கிருந்து ஒரு மிஸ்டு கால், அவன் பார்த்துவிட்டு அங்கிருந்து கூப்பிடுவான். எடுக்காத காலுக்குக் காசு இல்லை. ஆனால் மூன்று விஷயம் சரியாக இருந்தால்தான் இது வேலை செய்யும். நம் சிம்மில் ஐஎஸ்டி ஆன் ஆகியிருக்க வேண்டும். ப்ரீபெய்டாக இருந்தால் டாப்-அப் தொகை ஒரு கால் பேசும் அளவுக்காவது இருக்க வேண்டும், இருப்பு இல்லாவிட்டால் மணியே அடிக்காது. மூன்றாவதைத்தான் பலரும் மறப்பார்கள்: அவன் போனில் வாய்ஸ்மெயில் இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள். அவன் எடுக்காவிட்டாலும் அந்தப் பதிவுக் குரல் எடுத்துக்கொள்ளும், எடுத்த அந்த நொடியே நமக்கு ஒரு நிமிடக் காசு போகும். இரண்டு மணி அடித்ததும் கட் செய்யப் பழக்குங்கள்.

பட்டன் போனில் நம்பரைப் பதிவதை நீங்களே செய்து கொடுங்கள். ஃபிஜியின் நாட்டு எண் 679, அதற்குப் பின் ஏழு இலக்கம், அவ்வளவுதான், ஊருக்குத் தனி எஸ்டிடி எண் கிடையாது. பிளஸ் குறி வர நட்சத்திரப் பொத்தானை இரண்டு தடவை தட்ட வேண்டும், சில போன்களில் பூஜ்யத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளஸ் வராத போனாக இருந்தால் அதற்குப் பதில் 00 போடலாம். பதிந்ததும் 2-ஆம் பொத்தானுக்கு ஸ்பீட் டயல் வைத்துவிடுங்கள், அழுத்திப் பிடித்தால் போதும். நாட்டு எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் வேறு நாட்டுக்கே போய்விடும். 676 டோங்கா, 677 சாலமன் தீவுகள், 678 வனுவாட்டு, 679 ஃபிஜி, எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை: நாடி என்று எழுதியிருக்கும் ஊரை அங்கே நாண்டி என்றுதான் சொல்வார்கள், விமான நிலையமும் பெரிய முருகன் கோயிலும் இருக்கிற ஊர். தம்பி அங்கே போனதும் முதலில் அனுப்பிய படம் அந்தக் கோயில் கோபுரம்தான். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே காவடி எடுக்கிறார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதம் வர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கடைசி வழி, இங்கிருந்து நேராக ஐஎஸ்டி போடுவது. முன்பு மஞ்சள் போர்டு மாட்டிய பூத்துக்குள் போய், சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசினோமே, 2002 ஏப்ரல் வரை வெளிநாட்டுக் காலுக்கு விஎஸ்என்எல் என்ற ஒரே கம்பெனிதான் வாசல். இப்போது போட்டி இருக்கிறது, ஆனால் அந்தச் சிவப்பு எண்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் முன்பைவிடக் கவனம் வேண்டும். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் நான்கும் நாடு வாரியாக ஐஎஸ்டி ரேட்டைத் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன. ஃபிஜி என்று தேடி எடுத்து, நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், வித்தியாசம் நிறைய இருக்கும். ஐஎஸ்டி பேக் என்று ஒன்று விற்பார்கள், அதன் நாடுகள் பட்டியலில் ஃபிஜி இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் இருக்கும், நம் தீவு பலசமயம் இருக்காது.

நிமிடக் கணக்கு எப்படித் தின்னும் என்பதற்கு ஒரு உதாரணம். ரேட் நிமிடத்துக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிடம் 5 நொடி பேசினால் நாலு நிமிடமாகக் கணக்கெடுத்து 200 ரூபாய். அதே காலை 2 நிமிடம் 55 நொடியில் முடித்திருந்தால் 150. பத்து நொடியில் 50 ரூபாய் வித்தியாசம். "சரி வெச்சிடறேன், வெச்சிடறேன்" என்று இழுக்கிற நேரம்தான் அது. நேராக ஐஎஸ்டி போட வேண்டி வந்தால் கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுங்கள். நலம் விசாரிப்பதை வாய்ஸ் மெசேஜில் வைத்துக்கொள்ளலாம்.

தெரியாத தீவு நாட்டு நம்பரிலிருந்து உங்களுக்கு ஒரே ஒரு ரிங் வந்து கட்டானால் திருப்பிக் கூப்பிடவே கூடாது. இது ரொம்ப முக்கியம், வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில்தான் இது பலிக்கும், ஏனென்றால் 67 என்று ஆரம்பிப்பதைப் பார்த்தாலே பதறிப்போய்த் திருப்பிப் போடுவோம். ரேட் மிக அதிகமான நம்பருக்கு நம்மைக் கூப்பிட வைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்குகிற மோசடி அது. தம்பியின் நம்பர் பெயரோடு பதிவில் இருக்கிறது அல்லவா, பெயர் வந்தால் மட்டும் பதறுங்கள். வேறு நம்பர் என்றால் வாட்ஸ்அப்பில் அவனிடம் "நீயா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பாருங்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் என்ற புயல் ஃபிஜியைப் புரட்டிப் போட்டது, பல இடங்களில் கரண்டும் போனும் போய்விட்டன. பக்கத்து டோங்காவில் 2022 ஜனவரி 15-இல் கடலுக்குள் எரிமலை வெடித்து, வெளியுலகோடு இணைக்கிற கேபிள் அறுந்து, அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்தச் சமயத்தில் எந்த மலிவு வழியும் வேலை செய்யாது, விலை உயர்ந்த வழியும் செய்யாது. அதனால் முன்கூட்டியே பேசி வையுங்கள்: புயல் என்று செய்தி வந்தால் அவன் முதல் நாளே "பத்திரமான இடத்தில் இருக்கிறேன், இத்தனை நாள் பேச முடியாமல் போகலாம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட வேண்டும். நாம் இங்கே அடித்துக்கொண்டு அவன் போன் சார்ஜைத் தீர்க்கக் கூடாது. எழுத்து மெசேஜ் கால் போகாத சிக்னலிலும் போய்விடும், அதை நம்புங்கள்.

அவன் இந்திய சிம்மையும் தூக்கி எறியச் சொல்லாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். உயிரோடு வைத்திருக்கத் தேவையான ரீசார்ஜை மட்டும் போட்டு, பேசுவதற்கு அங்கத்திய சிம்மைப் பயன்படுத்தட்டும். ரோமிங்கில் வருகிற காலுக்கும் காசு பிடிக்கும் என்பதால், உறவுக்காரர்கள் பழைய நம்பருக்குக் கூப்பிட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எங்கள் மாமா ஒருவர் பொங்கல் வாழ்த்து சொல்ல அதில்தான் கூப்பிட்டார், தம்பிக்குத்தான் காசு போனது.

அம்மா வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். அதில் தடித்த எழுத்தில் தம்பி நம்பர், அவன் ஒர்க்‌ஷாப் லேண்ட்லைன் (லௌட்டோகா, நாண்டிப் பக்கத்து லேண்ட்லைன் 6-இல் ஆரம்பிக்கும், சுவாவில் 3), கூட இருக்கிற பையன் நம்பர், சுவாவில் இருக்கிற இந்தியத் தூதரக நம்பர், "நம்ம நேரத்தோட ஆறரை மணி கூட்டு" என்ற வரி, எல்லாம் இருக்கும். போன் தொலைந்தாலும், நான் ஊரில் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது பார்த்துப் போட்டுக் கொடுத்துவிடும். உங்கள் வீட்டிலும் ஒன்று எழுதி ஒட்டுங்கள், அங்கே அவன் சிம் மாற்றினால் அன்றைக்கே அட்டையிலும் மாற்றி எழுதிவிடுங்கள்.